வாய் தவறிய சமாதானம்

சில்வெஸ்டருக்கு யாரையும் பிடிக்காது என்று பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சொல்வார்கள். அது முழுக்க உண்மையில்லை. பிடிக்காதவர்களை அவர் கொள்ளை அக்கறையோடு கவனிப்பார். காலையில் மாடிப்படியில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டால் தெருவில் போகிற ஒருவரும் தப்பமுடியாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து, "யாரு யாரை மேய்க்கிறாங்கன்னு தெரியல" என்பார். காதில் எதையோ செருகிக்கொண்டு தனக்குத்தானே சிரித்துப் போகிற பெண்ணைப் பார்த்து, "அந்தக் காலத்துல இதுக்கு மந்திரிப்பாங்க" என்பார். எதிர்வீட்டு கோவிந்தன் மட்டும் சும்மா இருக்கச் சொல்லிப் பாதிக் கன்னடத்தில் பதில் சொல்வார், "சும்னே இருய்யா, உனக்கு எல்லாமே பேஜாரு" என்று.

கோயில் என்று வந்தால் சில்வெஸ்டரின் திறமை இன்னும் பிரகாசிக்கும். திருவிழாத் தேருக்குப் பச்சை விளக்கா நீல விளக்கா என்று கைகலப்பு வரை போன, கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்கள், தானே தபேலா வாசிக்கிற கீபோர்டை வாங்கிவைத்து அதன் முன்னால் கண்ணை மூடி உருகுகிற பாடகர் குழுத் தலைவர், பைபிள் வாசகம் வாசிக்கப் போவதற்கு முன் கைக்கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிற வாத்தியார், எல்லாரும் அவர் வாயில் அரைபட்டவர்கள்தான். ரிங் ரோடு பக்கம் கல்யாண மண்டபம் பிடித்து, முடவனை நடக்க வைக்கிறேன் என்று மைக்கில் கத்துகிற போதகரைப் பற்றிக் கேட்டால், தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். "விரலை முளைக்க வைக்கச் சொல்லு, நான் வரேன்" என்பார்.

அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. மற்ற நாலும் பீன்யா பட்டறையில் போய்விட்டன.

இப்படி எல்லாரையும் இளப்பமாகப் பார்க்கிற மனிதர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார் என்பதுதான் விசேஷம். காய்ச்சலென்றாலும் போவார். போய் எங்கே உட்காருவார் என்பது அதைவிட விசேஷம். கோயிலின் இடதுபக்கம் ஒரு தடித்த தூண் உண்டு. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம் போல ஒரு குட்டி பெஞ்சு. அங்கிருந்து பீடம் தெரியாது, சாமியார் தெரியமாட்டார். தெரிவதெல்லாம் ஒரு மின்விசிறியும், கிறிஸ்துமஸ் குடில் சாமான்களில் மூலையில் சாத்திவைத்திருக்கிற காது உடைந்த மண் கழுதையும்தான்.

பூசையைப் பார்க்கமுடியாத இடத்தில் உட்காருவதற்குக் காரணம் இருந்தது. பூசையில் ஒரு கட்டம் வரும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பார் சாமியார். உடனே எல்லாரும் பக்கத்தில் இருப்பவர், முன்னால் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்று திரும்பிக் கைகூப்பி, "சமாதானம்" என்று சொல்லவேண்டும். ஆள் பார்த்துச் சொல்வதெல்லாம் கிடையாது. எதிரே எந்த மூஞ்சி வருகிறதோ அந்த மூஞ்சிக்குச் சொல்லவேண்டும். நடு வரிசையில் உட்கார்ந்தால் எந்த ஞாயிறாவது பழைய கூட்டாளி இன்னாசியின் மூஞ்சி எதிரே வந்துவிடும். அதனால்தான் தூண். அந்தக் கட்டம் வந்ததும் சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, வலது கையோடு அந்த அரைக் கையைச் சேர்த்து, கழுதையைப் பார்த்து "சமாதானம்" என்று முணுமுணுப்பார். கடமை முடிந்தது. வருஷக்கணக்காக அந்தக் கழுதைக்குக் கிடைத்த சமாதானம் பெங்களூரில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

சில்வெஸ்டரும் இன்னாசியும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். அப்பன்மார் இருவரும் வடாற்காட்டிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர்கள். பையன்கள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பீன்யாவில் தகடு வெட்டி அச்சடிக்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தார்கள். பெரிய பவர் பிரஸ்ஸில் இரண்டு பேரும் எதிரெதிரே. ஒருவர் தகட்டை வைத்து எடுப்பார், மற்றவர் பட்டனை அமுக்குவார். அந்த மிஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். வேலை வேகமாக ஆகவேண்டும் என்று ஒரு பட்டனில் மரச்சில்லைச் செருகி அமுங்கியபடியே வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுவது இன்னாசியின் வழக்கம். சூப்பர்வைசருக்கும் தெரியும். கணக்கில் உருப்படி ஏறியது, அதனால் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு நாள் தகடு பிரஸ்ஸின் டை அச்சில் மாட்டிக்கொண்டது. எடுக்க சில்வெஸ்டர் கையை விட்டார். இன்னாசி யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டு, பார்க்காமல், பட்டனை அமுக்கிவிட்டான்.

கையோடு விஷயம் முடிந்திருந்தால் சில்வெஸ்டர் அதை மறந்திருப்பார். கை தவறுவது யாருக்கும் உண்டு, பட்டறையில் இருப்பவனுக்கு அது தெரியும். அதற்குப் பிறகு கம்பெனி என்கொயரி வைத்தது. சில்லைச் செருகியது யார் என்று கேட்டார்கள். இன்னாசி எழுந்து நின்று, தெளிவாக, தடுமாறாமல், "சில்வெஸ்டர்தான் சார்" என்றான். சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். காகிதத்தில் ஏறிவிட்டது. யூனியன்காரர்கள் காலில் விழுந்து கெஞ்சியதால் சில்வெஸ்டரை வீட்டுக்கு அனுப்பாமல் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். சில வருஷத்தில் இன்னாசி அதே பட்டறைக்கு சூப்பர்வைசர் ஆனான். தினம் காலையில் அவன் பைக்குக்குக் கேட்டைத் திறந்துவிட்டது சில்வெஸ்டர். ரிட்டயர் ஆகும் வரை திறந்துவிட்டார். ஒரு தரமும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"கை தவறுனதை எப்பவோ வுட்டுட்டேன்," என்பார் மனைவி பிரிஜெட்டிடம். "வாய் தவறாம சொன்னான் பாரு, அதைத்தான் வுடமாட்டேன்."

பிரிஜெட் கோலார் தங்கவயல்காரி, சுரங்கத்தில் அப்பனைப் பறிகொடுத்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் உபதேசியார் சவரியப்பன் வீட்டுக்கு வந்தார். கோயிலில் மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, இன்னாசிக்குத் தொண்டையில கேன்சர். வர்ற வாரம் ஆபரேஷனு. குரல்வளையையே எடுத்துடப் போறாங்களாம். அப்புறம் பேச்சு வராது."

சில்வெஸ்டர் பேப்பரை மடித்தார்.

"அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சமாதானம் சொல்லணும்னு சொல்றான். குரல் இருக்கும்போதே சொல்லிடணுமாம். நீங்க வர்றீங்களா, இல்ல அவன் இங்க வரட்டுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னான்."

இந்தத் தமிழில் ஒரு வில்லங்கம் உண்டு. பகை தீர்ந்து அமைதியாவதும் சமாதானம்தான், செய்த தப்புக்குச் சாக்குச் சொல்வதும் சமாதானம்தான். ஸ்கூலுக்கு லேட்டாக வந்த பிள்ளையைப் பார்த்து, சமாதானம் சொல்லாதே என்று வாத்தியார் அதட்டுவது இந்த இரண்டாவதைத்தான். உபதேசியார் கோயில் மனிதர், முதலாவதைச் சொன்னார். சில்வெஸ்டர் வாட்ச்மேனாக இருந்து சாக்குக் கேட்டுக் காது புளித்தவர், இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

"சமாதானம் சொல்லப் போறானாமா? என்கொயரில சொன்னது பத்தலியா அவனுக்கு? பொண்டாட்டி புள்ளைங்க இருந்துச்சு, வேலை போயிடும்னு பயம், சூப்பர்வைசர் மிரட்டுனான், இதானே? நானே சொல்லிட்டேன் பாரு, அவன் தொண்டை மிச்சம்."

"அந்தச் சமாதானம் இல்லண்ணா…"

"எந்தச் சமாதானமும் வேணாம். வாசப்படி ஏறினான்னா மரியாதை கெட்டுடும்னு சொல்லு."

உபதேசியார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பிரிஜெட் டம்ளரை எடுத்துக்கொண்டே, "நீங்க ஒத்துக்க வேணாம், காதைக் குடுத்துருக்கலாம்" என்றாள். சில்வெஸ்டர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அந்த வாரம் ஆபரேஷன் நடந்தது. இன்னாசியின் குரல் போய்விட்டது என்று கோவிந்தன்தான் வந்து சொன்னார். "நல்லது, இனிமே பொய் சொல்லமுடியாது" என்றார் சில்வெஸ்டர். சொன்ன பிறகு வாய் கசந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு தூக்கலாகிவிட்டது என்று பிரிஜெட்டின் மேல் எரிந்து விழுந்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் சோனியாவும் மருமகன் கிரணும் சாப்பிட வந்தார்கள். கிரண் பிறப்பால் எதுவோ, இப்போது ஒன்றும் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். ஒரு ஆப் கம்பெனியில் பெரிய வேலை. அந்த ஆப் போனுக்குள் மணியடித்து, மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லும். மூச்சு விடுவதற்குச் சந்தா கட்டுகிறவர்கள் இந்த ஊரில் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சில்வெஸ்டருக்கு மருமகன்மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. மாமா என்று கூப்பிட அவனுக்கு வாய் வராது. அங்கிள் என்பான்.

கோழிக் குழம்பு பரிமாறும்போது பிரிஜெட் பேச்சுவாக்கில் இன்னாசி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கிரண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஆதரவாகத் தலையை ஆட்டினான்.

"நீங்க பண்ணதுதான் கரெக்ட் அங்கிள். டாக்ஸிக் ஆளுங்களை லைஃப்லருந்தே கட் பண்ணிடணும். அவருக்குக் கில்ட், அதைக் கொண்டுவந்து உங்க மேல கொட்டப் பாக்குறாரு. நம்ம பீஸை நாமதான் ப்ரொடெக்ட் பண்ணிக்கணும். நான் ரொம்ப ப்ரௌடா ஃபீல் பண்றேன்."

சில்வெஸ்டர் கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டார். தான் செய்த காரியத்தை உலகத்திலேயே பெரிய முட்டாள் என்று தான் நினைக்கிற ஒருவன் பாராட்டுகிறான். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் சோனியா. "உங்களுக்கு ஃபாதரைப் புடிக்கல, பாட்டுப் புடிக்கல, அங்க வர்ற ஒருத்தரையும் புடிக்கல. அப்புறம் எதுக்கு விடாம கோயிலுக்குப் போறீங்க? இந்தக் காலத்துல இதெல்லாம் தேவைதானா?"

"இந்தக் காலத்துலதான் தேவை," என்றார் சில்வெஸ்டர். எச்சில் கையோடு மருமகன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உங்க ஆபீஸ்ல புடிக்காதவன் பக்கத்து சீட்டுல வந்தா இன்னா பண்ணுவ?"

"டீம் மாத்திக்கலாம் அங்கிள்."

"குடியிருக்கிற எடத்துல?"

"க்ரூப்பை மியூட் பண்ணிடுவோம்."

"போன்ல?"

"பிளாக்."

"பாத்தியா. எல்லாம் உனக்குத் தோதா செஞ்சு வெச்சிருக்கான். நீ மூஞ்சி சுளிச்சா போதும், அந்த ஆளு காணாமப் பூடுவான். கோயில்ல அது நடக்காது. எவன் உன் குடியைக் கெடுத்தானோ அவன் மூஞ்சிக்கு நேரா கையைக் கூப்பி சமாதானம் சொல்லுங்கிறான். இந்த ஊர்ல வேற எவனாவது அப்படிச் சொல்றானா? கலீஜான வேலை, எவனுக்கும் புடிக்காது. மனுசனா உக்காந்து தனக்கு ஒரு சாமியைச் செஞ்சிருந்தா இப்படியா செஞ்சிருப்பான்? உன் ஆப்பு மாதிரி, மணியடிச்சு முதுகைத் தடவுற சாமியைத்தான் செஞ்சிருப்பான். அதான் நம்புறேன். அதான் போறேன்."

பேசி முடித்ததும் அவருக்கே திருப்தியாக இருந்தது. கிரண் எலும்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"ஆனா அப்பா," என்றாள் சோனியா, கேலியில்லாமல், "நீங்கதான் தூணுக்குப் பின்னாடி உக்காருறீங்களே."

பிரிஜெட் குழம்புச் சட்டியை எடுத்துவந்து, கேட்காமலே அவர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு சில்வெஸ்டர் தாமதமாகப் போனார். ராத்திரி தூக்கம் சரியில்லை, சோனியாவின்மேல் கோபம், எழுந்திருக்க மனமில்லை. போய்ப் பார்த்தால் இடதுபக்கம் முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கிறார்கள். தூணைச் சுற்றிக் கயிறு, கழுதையின் மேல் பழைய துணி. அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் நடுவில் வந்து நெருக்கிக்கொண்டிருந்தது. நடு வரிசை ஒன்றின் ஓரத்தில் ஒரு இடம் மிச்சம் இருந்தது. வெள்ளையடிக்கிற நேரத்தைப் பார் என்று பேரவைக்காரர்களை மனசுக்குள் வைதுகொண்டே போய் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் யாரோ ஒரு ஒல்லி மனிதர், கழுத்தைச் சுற்றி மஃப்ளர். குளிர் நாளில் பெங்களூரில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. எவனோ சீக்காளி என்று நினைத்துக்கொண்டார்.

பூசை நடந்தது. பிரசங்கத்தில் சாமியார் கிரிக்கெட் உதாரணம் சொன்னார், சில்வெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கட்டம் வந்தது. சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். வருஷக்கணக்கான பழக்கம் பாருங்கள், தலை தானாகக் குனிந்தது, கை தானாகக் கூடியது, வாய் தானாகத் திறந்தது. கழுதைக்குச் சொல்கிற வேகத்தில், எதிரே இருந்த முதுகுக்கு, "சமாதானம்" என்று சொல்லிவிட்டார். நிமிர்ந்தார். முதுகு திரும்பியது. இன்னாசி.

மஃப்ளருக்கு அடியில், தொண்டைக்குழி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு விடும்போது அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அந்தக் கண் சில்வெஸ்டரின் முகத்தையும், கூப்பிய கையையும், கையில் விரல் இல்லாத இடத்தையும் பார்த்தது. இன்னாசி கைகூப்பினான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, துணிக்கு அடியிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. எல்லாரும் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகும் அவன் கூப்பிய கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

சில்வெஸ்டர் நற்கருணை அப்பம் வாங்கக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டார்.

ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்ததை ஒரு நொடியில் வாய் தவறிக் கொடுத்தாயிற்று. அதுவும் யாருக்கு. ஒரு மனிதன் தெரியாமல் வேறு வீட்டுக் கதவைத் தட்டினால், மன்னிக்கணும் வீடு மாறிவிட்டது என்று திரும்பி வரலாம். இதை எப்படித் திரும்ப வாங்குவது? பூசை முடிந்ததும் நேரே சாமியார் வீட்டுக்குப் போனார். பங்குச் சாமியார் சின்ன வயசு, சந்தாபுராப் பக்கத்துப் பையன், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காப்பியும் கையுமாக வெளியே வந்தார்.

"ஃபாதர், ஆள் தெரியாம சொன்ன சமாதானம் செல்லுமா?"

சாமியாருக்குப் புரியவில்லை. சில்வெஸ்டர் சொன்னார், பெயர் சொல்லாமல், நாலே வார்த்தையில். சாமியார் கனிவாகச் சிரித்தார். மருமகன் தலையாட்டிய அதே கனிவு.

"அங்கிள், எதுவா இருந்தாலும் மனசுல இருந்து வரணும். மனசில்லாம சொன்னா அது வெறும் ஃபார்மாலிட்டிதான். கவலைப்படாதீங்க. உங்க மனசு எப்ப ரெடியாகுதோ அப்பப் பாத்துக்கலாம். உங்களை நீங்களே வருத்திக்காதீங்க."

செல்லாது என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்கத்தானே வந்தது? கும்பிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் படியிறங்கும்போதே சில்வெஸ்டருக்கு ஒரு ஆத்திரம் கிளம்பியது, இன்னாசி மேல் இல்லை, இந்தக் காப்பிச் சாமியார் மேல்.

மனசு ரெடியாகணுமாம். பச்சைக் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறாரே, மனசு ரெடியா என்று அதைக் கேட்டா ஊற்றுகிறார்? கல்யாணத்தன்று சில்வெஸ்டருக்குப் பல்வலி. பெண் வீட்டார் போட்ட சாப்பாட்டைக்கூட மெல்லமுடியவில்லை, மனசெல்லாம் கடைவாயில்தான் இருந்தது. அதனால் பிரிஜெட் பெண்டாட்டி இல்லையென்று ஆகிவிடுமா? மனசு, மனசு என்று மருமகன் ஆப் விற்கிறான், இவர் அதையே அங்கி போட்டுக்கொண்டு விற்கிறார். மனசை நம்பினால் சில்வெஸ்டரின் மனசு சாகிற வரை ரெடியாகாது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மனசைப் பற்றி அவருக்கு ஒரு காலத்திலும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மனசுக்கு வெளியிலிருந்து ஒருவர், உனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ சொல்லு என்று சொல்வதால்தானே இத்தனை வருஷம் அந்தக் கோயிலுக்குப் போனது.

மெட்ரோ பாலத்தடியில் நடந்து வரும்போது இடது கையைப் பார்த்தார். பட்டனை அமுக்கும்போது இன்னாசியின் மனசு எங்கே இருந்தது? எவனோடோ சிரித்துக்கொண்டு இருந்தது. அதனால் பிரஸ் இறங்காமல் நின்றதா? விரல் போகாமல் இருந்ததா? அமுக்கினால் அமுக்கினதுதான். இறங்கினால் இறங்கினதுதான். தவறி நடந்த கெடுதல் செல்லும், தவறிச் சொன்ன நல்லது மட்டும் செல்லாதா? எந்த ஊர் நியாயம் இது? தன்னுடைய வாதம் தன்னையே எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரிந்ததும் சில்வெஸ்டர் நடுரோட்டில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆட்டோக்காரன் ஒருவன் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கன்னடத்தில் பதிலுக்கு வைதுவிட்டுப் போனான்.

வீட்டில் பிரிஜெட் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் அவளும்தான் இருந்தாள், பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருப்பாள். ராத்திரி பாய் போடும்போது மட்டும், "இன்னாசி வீட்டுப் பக்கம் யாரும் போறதில்லையாம், தொண்டை ஓட்டையைப் பாத்துப் புள்ளைங்க பயப்படுதாம்" என்றாள். சில்வெஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் மாடிப்படியில் அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. நாய்க்காரன் நாயோடு தாராளமாகப் போய்வந்தான். உடம்புக்கு என்ன என்று கோவிந்தன் இரண்டு தரம் கேட்டார்.

ஞாயிறு வந்தது. சில்வெஸ்டர் சீக்கிரமே கிளம்பினார். சாரத்தைப் பிரித்து வலதுபக்கம் மாற்றியிருந்தார்கள். தூண் பளபளவென்று, கயிறு இல்லாமல், அவருக்காகக் காத்திருந்தது போல இருந்தது. கோயிலில் இன்னும் ஆள் சேரவில்லை. நடு பெஞ்சுகள் காலி. அவர் எதையும் பார்க்காமல் நேரே தன் இடத்துக்குப் போனார்.

குட்டி பெஞ்சில் இன்னாசி உட்கார்ந்திருந்தான்.

கழுத்துத் துணியைப் பிள்ளைகள் வெறித்துப் பார்ப்பதால் இங்கே ஒதுங்கியிருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒளிந்துகொள்ள அந்தக் கோயிலில் எந்த இடம் தோதானது என்று சில்வெஸ்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரைப் பார்த்ததும் இன்னாசி பதறி எழுந்தான், போய்விடுகிறேன் என்பதுபோலக் கையைக் காட்டினான்.

சில்வெஸ்டர் நடுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். நடு வரிசை காலியாகத்தான் இருந்தது. திரும்பிப் போய் அங்கே உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கிரண் பாராட்டியிருப்பான்.

"உக்காருடா," என்றார். கேட்டைத் திறந்துவிட்ட அத்தனை வருஷமும் பேசாத வாய். "நகந்து உக்காரு. கழுதைப் பக்கம் எடம் இருக்குது பாரு. இது என் எடம்."

இன்னாசி நகர்ந்தான். பெஞ்சு சின்னது, தோளும் தோளும் இடித்தன. பூசை முழுக்க அந்தத் துணிக்கடியிலிருந்து மூச்சு புஸ் புஸ்ஸென்று காதருகே வந்துகொண்டிருந்தது. சில்வெஸ்டருக்கு எரிச்சலாக இருந்தது. சாமியார் இந்த வாரமும் கிரிக்கெட் சொன்னார். அதுவும் எரிச்சலாக இருந்தது. கெட்டதிலும் ஒரு நல்லது, அவர் முகம் இங்கிருந்து தெரியவில்லை.

அந்தக் கட்டம் வந்தது. அந்தப் பக்கம் சனமெல்லாம் ஒருவரையொருவர் திரும்பிக் கும்பிடுகிற சலசலப்பு கேட்டது. இன்னாசி தலையைக் குனிந்து, காது உடைந்த கழுதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன ஞாயிறு கிடைத்ததே அதிகம், இன்னொன்று கேட்க முகமில்லை என்று நிற்பவனைப் போல நின்றான்.

"இந்தப் பக்கம் திரும்புடா," என்றார் சில்வெஸ்டர்.

திரும்பினான். சில்வெஸ்டர் அரைக் கையை வலது கையோடு சேர்த்தார். இந்த முறை தலையைக் குனியவில்லை. முன்சக்கரத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். மனசு ரெடியாக இல்லை, துளிகூட இல்லை.

"போன வாரம் வாய் தவறிச் சொன்னது," என்றார். "இது தவறாம சொல்றது. சமாதானம்."

இன்னாசியின் உதடு அசைய ஆரம்பித்தது. ஒரு சொல்லோடு நிற்கவில்லை. பொண்டாட்டி, பிள்ளை, பயம், சூப்பர்வைசர், மரச்சில்லு என்று என்னென்னவோ, அன்றைக்குக் குரல் இருக்கும்போது சொல்ல நினைத்து முடியாமல் போனதெல்லாம், சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வழிய வழிய அவன் சொல்லிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் சனம் அடுத்த செபத்துக்குப் போய்விட்டது. சில்வெஸ்டர் கடுகடுத்த முகத்தோடு, கூப்பிய கையை இறக்காமல், அவன் முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.